வாசலில் நின்று படித்த கடிதம்

புதிதாக வந்து சேர்ந்திருக்கும் நான்கு பேருக்கும் வணக்கம்.

வேலையை விட்டுப் போகிறவர்கள் இப்படி எழுதி வைத்துவிட்டுப் போவது நம் அலுவலகத்தில் வழக்கமில்லை. ஓய்வு பெற்றுப் போகிற வயதும் எனக்கில்லை. முப்பத்திரண்டுதான் ஆகிறது. ஏழு வருடம் களப்பணியாளனாக இருந்துவிட்டு, இந்த மாதக் கடைசியில் வேறு வேலைக்குப் போகிறேன். பைக் சாவி, ஊர் வாரியான பட்டியல், படிவக் கட்டுகள் எல்லாவற்றையும் உங்களிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்துவிட்டேன். நான் செய்த ஒரு தவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அதை முதலிலிருந்து செய்வீர்கள்.

நம் ஆய்வு எதைப் பற்றியது என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். வயிற்றில் இருக்கும்போதே மது போய்ச் சேர்ந்த குழந்தைகளின் மூளை வளர்ச்சி எப்படிப் பாதிக்கப்படுகிறது, அவர்களை எப்படிக் கண்டுபிடித்து உதவுவது என்பதுதான் அது. ஆராய்வது டாக்டர்கள். அவர்கள் கண்டதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நாம். காதில் கேட்கும்போது சுலபமான வேலையாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அந்தத் தவறு புரியும். எங்கள் ஊர் அரியலூருக்குப் பக்கம். அப்பாவுக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலி வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், ரேஷன் கடை அறிவிப்பாக இருக்கட்டும், கடன் பத்திரமாக இருக்கட்டும், என் கையில்தான் கொடுப்பார்கள். நான் வாசலில் நின்று சத்தமாகப் படிப்பேன். வீட்டில் உள்ளவர்கள் கேட்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்பார்கள். ஒருவருக்கு மட்டும் என்று எங்கள் தெருவுக்கு எந்தக் காகிதமும் வந்ததில்லை. அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருக்கிறது என்ற ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைக்கூட, பதின்மூன்று வயதில், சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சூழ நிற்க, நான்தான் படித்தேன். விஷயம் என்ன என்பதே அப்பாவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. "தட்டாம படிக்கிறான் பாரு" என்று சித்தப்பாவிடம் சொன்னார். படிப்பு என்றால் எனக்கு அதுதான். வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தட்டாமல் படிப்பது.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம். எறையூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். கரும்பு வெட்டும் குடும்பங்கள் அங்கே அதிகம். நிவேதா என்று ஒரு பெண் குழந்தை, மூன்றாம் வகுப்பு. நேற்றுச் சொல்லிக் கொடுத்தது இன்றைக்கு நினைவில் இருக்காது. பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு ஏழுக்குத் திரும்பி வந்துவிடுவாள். யார் கேட்டாலும் தன் பென்சிலைக் கொடுத்துவிட்டுச் சிரிப்பாள். கடைக்கு உப்பு வாங்கப் போனவள் வெறுங்கையோடு வந்து, தன்னை எதற்கு அனுப்பினார்கள் என்று அம்மாவையே கேட்பாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று வீட்டில் அடிப்பார்கள். அவளைப் பற்றி நமக்குத் தகவல் கொடுத்தவர் அவளுடைய டீச்சர்.

அம்மாவின் பெயரை அஞ்சலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வருகிற பெயர்கள் எல்லாமே மாற்றியவைதான். முதல் நாள் நான் படிவத்தை வைத்துக்கொண்டு, "கர்ப்பமா இருந்தப்ப மது அருந்துற பழக்கம் இருந்துச்சாக்கா?" என்று கேட்டேன். "ஐயய்ய, என்ன தம்பி இப்படிக் கேக்குறீங்க" என்று எழுந்தே போய்விட்டார். கூட வந்திருந்த கிராம நர்ஸ் அக்கா என்னைப் பார்த்த பார்வையில் படிவமே கருகியிருக்கும். அடுத்த தடவை அவரே கேட்டார்.

"ஏம்மா, கரும்பு வெட்டிட்டு வந்தா ஒடம்பு வலிக்குமே, அதுக்கு என்னா பண்ணுவ?"

"அதுக்கா? அது பொழுதுபோனா வூட்டுக்காரரு பிராந்திய கலரு சோடாவுல கலந்து ஒரு டம்ளர் குடுப்பாரு. குடிச்சாதான் மறுநாளு கை தூக்க முடியும். சளி புடிச்சா மாமியா மொளகு தட்டிப் போட்டு பிராந்தி குடுக்கும்."

"புள்ள வயித்துல இருக்கும்போதுமா?"

"ஆறு மாசம் வரைக்கும் வெட்டுக்குப் போனேனே. வலி இருக்காதா?"

இதை மறைக்க வேண்டிய விஷயமாகவே அவர் நினைக்கவில்லை. எத்தனை டம்ளர், வாரத்தில் எத்தனை நாள் என்று நான் குறித்துக்கொண்டேன். யார் கொடுத்தது என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அதனால் அதைக் குறிக்கவில்லை. நீங்கள் சொல்வது ரகசியமாக இருக்கும் என்ற உறுதிமொழியை மட்டும் அவருக்கு முழுக்கப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கினேன்.

பெரம்பலூரில் இரண்டு நாள் குழந்தையைப் பரிசோதித்தார்கள். மூன்று வாரம் கழித்துக் கடிதம் தயாரானது. இரண்டு பக்கம். நான் எடுத்துக்கொண்டு போனேன்.

காலை பத்து மணி இருக்கும். அன்றைக்கு வெட்டு இல்லை. அஞ்சலையின் மாமியார் வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். கணவர் கொளஞ்சி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் நின்றிருந்தார். நான் கொடுத்த உறையைப் பிரிக்காமலே அஞ்சலை என்னிடம் திருப்பி நீட்டினார்.

"எனக்கு எங்க தம்பி படிக்கத் தெரியும். என்னா போட்டுருக்குன்னு நீங்களே பாருங்க."

"கொஞ்சம் சத்தமாவே படிங்க தம்பி, எனக்குக் காது செத்த மந்தம்" என்றார் மாமியார்.

படித்தேன். என் அப்பா கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பார், அவ்வளவு திருத்தமாக. குழந்தை கருவில் இருந்த மாதங்களில் மது உட்கொண்டதாகத் தாய் தெரிவித்திருக்கிறார், அது குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதித்திருக்க வாய்ப்பு உண்டு, நினைவாற்றல் குறைவும் கவனக் குறைவும் அதனால் ஏற்பட்டிருக்கலாம், குழந்தை வேண்டுமென்று செய்வதில்லை.

அரிவாள்மனையில் மாமியாரின் கை நின்றது.

"யாரு தெரிவிச்சது?"

"அக்காதான்..."

"எம் பேத்திய குடிச்சே கெடுத்தியாடி?"

பக்கத்து வீட்டு அம்மா வேலியைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார். "பொம்பள குவாட்டர் அடிச்சா புள்ள வேற எப்படிப் பொறக்கும்?"

நிலைமையைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்தேன். பயிற்சியில் ஆறுதலாகச் சொல்லக் கற்றுக்கொடுத்த ஒன்று நினைவுக்கு வந்தது. "பயப்படாதீங்கம்மா, இது பரம்பரையா வர்ற நோயில்லை" என்றேன்.

"கேட்டியாடா கொளஞ்சி? நம்ம ரத்தத்துல இல்லையாம். இவ வயித்துலேர்ந்து வந்துருக்கு."

அஞ்சலை மாமியாரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கணவரைத்தான் பார்த்தார். கொளஞ்சி துண்டை உதறி, மடித்து, மறுபடி உதறினார். வாய் திறக்கவில்லை. டம்ளரில் கலந்து கொடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். நானும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் பக்கத்தைப் படிக்க அங்கே யாரும் விடவில்லை. கடிதத்தை உறையில் போட்டு அஞ்சலையின் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்தக் கடிதம் எதற்காக எழுதப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் குழந்தையை இனி அடிக்காமல் இருப்பதற்காக. நான் படித்த பிறகு அவளை அடிப்பது நின்றது உண்மைதான். அந்த அடி அவள் அம்மாவுக்குப் போனது.

அடுத்த வாரம் நர்ஸ் அக்கா போன் செய்தார்.

"என்னத்தய்யா படிச்சுக் காட்டுன அந்த வூட்டுல?"

"கடிதத்தைத்தான்க்கா. என்ன ஆச்சு?"

"அஞ்சலைய திருமானூருப் பக்கம் அவங்க அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. புள்ளய அனுப்பல. குடிகாரிகிட்ட புள்ளய வுட மாட்டோம்னு கெழவி ஒத்தக் கால்ல நிக்குது. அந்தப் புள்ள என்னடான்னா, காலையில பையை மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப்புல போயி நிக்குதாம், அம்மா வரும்னு. பள்ளிக்கூடம் போறதில்ல."

அக்கா அதோடு விடவில்லை.

"யாரு ஊத்திக் குடுத்தான்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"அப்ப ஏன்யா சொல்லாம வந்த?"

"ரகசியம்னு எழுதிக் குடுத்திருக்கோமே."

அக்கா சொன்னார்: "அவ ரகசியத்த ஊருக்கே படிச்சுட்ட. அவன் ரகசியத்த மட்டும் பத்திரமா வச்சிருக்க."

ஏழு வருடத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். இந்த ஒன்று மட்டும் இன்றும் அப்படியே இருக்கிறது.

அந்த நிமிடமே எறையூருக்குப் போய், அதே வாசலில் நின்று, கலந்து கொடுத்தது கொளஞ்சிதான், பிராந்தி கொடுத்தது மாமியார்தான் என்று உரக்கச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. நியாயமாகத்தான் தெரிந்தது. வண்டியையும் எடுத்துவிட்டேன். பாதி வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். நான் சொல்லப்போவது அஞ்சலை என்னை நம்பிச் சொன்னது. ஒரு தடவை அவரைக் கேட்காமல் அவர் பேச்சை வாசலில் வைத்துவிட்டேன். இரண்டாவது தடவையும் அதையேதான் செய்யப் போகிறேன், இந்தத் தடவை அவருக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில். வண்டியை ஊருக்குத் திருப்பிவிட்டு, மறுநாள் பஸ் பிடித்துத் திருமானூருக்குப் போனேன்.

அஞ்சலை நடவுக்குப் போயிருந்தார். வரப்பில் காத்திருந்தேன். மதியச் சோற்றுக்கு மேலே ஏறி வந்தவர் என்னைப் பார்த்ததும் மற்ற பெண்களை விட்டு விலகி, வாய்க்கால் பக்கம் வந்தார்.

"இங்கயும் பேப்பர் கொண்டாந்துட்டீங்களா?"

"இல்லக்கா. தப்பு பண்ணிட்டேன். மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். சேற்றுக் கையை வாய்க்காலில் கழுவினார்.

"எங்கிட்ட மட்டும் தனியா படிச்சிருக்கலாம்ல தம்பி? எத எப்பச் சொல்லணும், யாருகிட்ட மொதல்ல சொல்லணும்னு எனக்குத் தெரியாதா? பத்து வருசமா அந்த வூட்டுல இருக்கேன்."

"உங்களுக்காக நான் போயி உண்மையச் சொல்லவா? அண்ணன்தான் கலந்து குடுத்தாருன்னு?"

"வேணாம். நீங்க சொன்னா, அவரக் காட்டிக் குடுத்தவன்னு அதுவும் என் தலையிலதான் வரும். வந்தா அவரு வாயால வரணும்." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எம் புள்ள அப்படி இருக்கிறது என்னாலயா?"

இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். எந்தப் பயிற்சியிலும் இதற்குப் பதில் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் முகம் தெளிந்திருக்கும். ஆனால் அடுத்த பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் அதே டம்ளர் வரும். ஆமாம் என்று சொல்வது அவர் மாமியாரின் குரல்.

"நீங்க குடிச்சது புள்ளைக்கும் போயிருக்குக்கா. அதனால வந்திருக்கும்னுதான் டாக்டருங்க நெனைக்கிறாங்க. போகும்னு உங்களுக்கு யாரும் சொல்லல. குடுத்தவங்களுக்கும் யாரும் சொல்லல. தெரிஞ்சு யாரும் செய்யல."

அவர் அழவில்லை. வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். நடுவில் ஒரு பெண், "ஏ அஞ்சல, சோறு காயுதுடி" என்று கூப்பிட்டார். அஞ்சலை என் பக்கம் திரும்பினார்.

"இனிமே என்னா பண்றது? மருந்து இருக்கா?"

"போனத திருப்ப மருந்து இல்ல. ஆனா நாம நடந்துக்கிற விதத்துல அவளுக்குச் சுலபமாக்கலாம். அந்தக் கடுதாசியோட ரெண்டாம் பக்கத்துல இருக்கு. அன்னிக்குப் படிக்கவே இல்ல."

கணவர் வீட்டிலிருந்து வரும்போது இடுப்பில் செருகிக்கொண்டு வந்த கடிதத்தை அவர் எப்போதும் கூடவே வைத்திருந்தார். உறையே நைந்திருந்தது. இரண்டாம் பக்கத்தை மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் படித்தேன். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரிச் செய்யுங்கள். மறந்துவிட்டால் கோபப்படாமல் அதே வார்த்தையில் மறுபடி சொல்லுங்கள். அவளுக்குப் பழக்கமான ஆள் கூடவே இருப்பது முக்கியம். மூன்று தடவை படிக்கச் சொன்னார். நான்காவது தடவை அவரே மனப்பாடமாகச் சொன்னார், ஒன்றுகூட விடாமல்.

"இதத்தான் மொதல்ல படிச்சிருக்கணும்" என்றார். "போயி அவருகிட்ட இந்தப் பக்கத்த மட்டும் சொல்லுங்க. தனியா கூப்புட்டுச் சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க."

சரி என்றேன்.

இரண்டு நாள் கழித்து எறையூர்ப் பக்கம் கரும்புத் தோட்டத்துக்கே போனேன். லோடு ஏற்றி முடித்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருவன், "கொளஞ்சி, ஒன் பொண்டாட்டிய ஊருக்கு அனுப்புன சார் வந்துருக்காரு" என்றான். சிலர் சிரித்தார்கள். கொளஞ்சி சிரிக்கவில்லை. எழுந்து, உரித்துப் போட்ட கரும்புச் சோகைக் குவியலுக்கு அந்தப் பக்கம் வந்தார்.

அஞ்சலை சொன்னபடி இரண்டாம் பக்கத்தை மட்டும் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு வேலையா சொல்லணும், கோவப்படக் கூடாது... இதெல்லாம் அவ இருந்தாத்தான் சார் நடக்கும். புள்ள எங்க பேச்சக் கேக்க மாட்டேங்குது. நேத்து கரும்பு டிராக்டர் பின்னாடியே மில்லு ரோடு வரைக்கும் நடந்து போயிருக்கு. யாரோ கண்டுபுடிச்சுக் கொண்டாந்து வுட்டாங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எவ்ளோ குடிச்சா சார் இப்படி ஆவும்?"

"இவ்வளவு குடிச்சா ஆகும், இவ்வளவு குடிச்சா ஆகாதுன்னு யாராலயும் சொல்ல முடியாதுண்ணே. அதனாலதான் புள்ள வயித்துல இருக்கிறப்ப ஒரு சொட்டுகூட வேணாம்னு சொல்றோம்."

கீழே கிடந்த ஒரு சோகையை எடுத்து நீளவாக்கில் கிழித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் வாயில் என்ன நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அதை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று என் நாக்கு துடித்தது. ஒரு கேள்வி கேட்டால் போதும், வந்துவிடும். அப்படி வந்தால் அது நான் பிடுங்கியதாக இருக்கும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். இந்த வேலையில் நான் செய்த கஷ்டமான காரியம் அதுதான்.

"நான்தான் சார் கலந்து குடுத்தேன்" என்றார் கடைசியில். "வலிக்குதுன்னு சொல்லுவா. பாவமா இருக்கும். வேணாம்னாகூட குடிடின்னு குடுப்பேன்." கிழித்ததைக் கீழே போட்டார். "நம்ம பாசமா நெனச்சுத்தான சார் குடுத்தோம்."

"தெரியும்ண்ணே."

"அவ சொல்லிருக்காளா?"

"அவங்க என்ன சொன்னாங்கன்னு நான் யாருகிட்டயும் சொல்லக் கூடாதுண்ணே. உங்ககிட்டயும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு வெட்டரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஒன்றும் சாதிக்கவில்லை என்றுதான் திரும்பி வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் நிவேதாவைக் கூட்டிக்கொண்டு திருமானூர் பஸ் ஏறினார். நர்ஸ் அக்காதான் சொன்னார். பத்து நாள் அங்கேயே இருந்து நடவு வேலைக்குப் போனாராம். பிறகு மூன்று பேரும் ஊருக்குத் திரும்பி வந்தார்கள், கொளஞ்சியின் அம்மா வீட்டுக்கு இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டுக்கு. நிவேதா மறுபடி பள்ளிக்கூடம் போனாள். டீச்சர் அவளை முன்வரிசையில் உட்கார வைத்தார். கொளஞ்சி தன் தாயிடம் அந்த உண்மையைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. மாமியாரும் மருமகளும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. நான் உடைத்ததில் ஒரு பகுதி அப்படியேதான் கிடக்கிறது. இதை எழுதும்போது நல்லபடியாக முடிந்தது என்று உங்களை நம்பவைக்க எனக்கு விருப்பமில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, கர்ப்பிணிகளிடம் அனுபவப்பட்ட தாய் ஒருவரே பேசினால் நன்றாக இருக்கும் என்று நம் டாக்டர் மேடம் சொன்னார். அஞ்சலையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நர்ஸ் அக்கா போய்க் கேட்டார். மூன்று நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். கூட்டம் எறையூரில் வேண்டாம், அரியலூர்ப் பக்கம் தெரியாத ஊராக இருக்கட்டும் என்றார். ஆண்கள் யாரும் கூடாது, எழுதி வைத்துக்கொள்ள யாரும் கூடாது என்றார்.

அன்றைக்கு அங்கிருந்த துணைச் சுகாதார நிலையத்துக்கு அஞ்சலையையும் நிவேதாவையும் அழைத்துப் போனவன் நான்தான். பத்துப் பன்னிரண்டு பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலை உள்ளே போகும்போது வாசற்படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க வெளியவே இருங்க தம்பி. புள்ளயப் பாத்துக்குங்க."

கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

படியில் உட்கார்ந்தேன். நிவேதா பக்கத்தில் நின்றாள். உள்ளே அஞ்சலையின் குரல் கேட்டது, என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. ஒரு கட்டத்தில் குரல் நின்றது. வேறு ஒரு பெண் பேச ஆரம்பித்தார். பிறகு இன்னொருவர். அதுவரை நான் நடத்திய எந்தக் கூட்டத்திலும் பெண்கள் அப்படி ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசிக் கேட்டதில்லை.

"அம்மா எப்ப வரும்?" என்றாள் நிவேதா.

"பேசி முடிச்சதும் வரும்."

கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டாள். அதே வார்த்தையில் சொன்னேன். ஏழெட்டுத் தடவை ஆகியிருக்கும்.

"அம்மா உள்ள என்னா சொல்லுது?"

"எனக்குத் தெரியாதும்மா."

"ஏன்?"

"என்னைய வெளிய இருக்கச் சொல்லிட்டாங்க."

"என்னையுந்தான்" என்று சிரித்துவிட்டு, நான் நகர்ந்து கொடுத்த இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.